இன்னிக்கு நீ நீலம்

என் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். அதில் இரண்டு ஆணிகள். ஒன்றுக்கு மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம், மற்றதற்கு மேல் நீலத்தில் ஒரு வட்டம். சிவப்பு ஆணியில் ஒரு பித்தளை டோக்கன் தொங்குகிறது. பழைய எட்டணாவை விடக் கொஞ்சம் பெரிது, நடுவில் 1 என்று பஞ்ச் அடித்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் மந்திரித்த தகடா என்று கேட்பார்கள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் ஒருமுறை, "இன்னா அண்ணாத்தே, ஊட்லயே ரேஷன் கடை வச்சிகினு கீறியா?" என்று கேட்டார். எல்லோருக்கும் நின்று பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முடித்தேனா என்பது சந்தேகம். பதினாலு வயதில் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் கூட்ட ஆரம்பித்தவன், நாற்பது வயதுக்குள் திருமழிசை எஸ்டேட்டில் சொந்த ஷெட் போட்டு மூன்று பவர் பிரஸ் நிறுத்தினேன். சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள். பெருமைதான், அடிப்பதற்கு என்ன? பவர் பிரஸ் என்பது தகட்டைத் துளைத்து வெட்டும் யந்திரம். கையால் தகட்டை வைத்துக் காலால் மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே போடு. வாஷர் கீழே விழும். கை ஒரு கணம் தாமதித்தால் விரலும் விழும். மூன்றில் ஒன்று ஜெர்மனியில் செய்தது, பழையதாக வாங்கியது. அதன் நெற்றியில் இருந்த பெயர்த்தகட்டை என் மகள் சின்ன வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவாள். அவள் பிற்பாடு அந்த நாட்டுக்கே போய்ப் படித்ததற்கு அந்தத் தகடுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் நான்.

ஷெட் தொடங்கிய எண்பதுகளில்தான், கேட்டில் நின்று ஆட்களின் வருகையைப் பதிகிற டைம்கீப்பர் பாய் வந்து சேர்ந்தார். பூந்தமல்லிக்காரர், என்னை விடப் பத்து வயது இளையவர். தினமும் சைக்கிளில் வருவார். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. வேறு ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டியபோது போனவை. அவர் மனைவிக்குப் பிரசவம், மூன்று நாள் சரியாகத் தூங்காமல் வேலைக்கு வந்திருக்கிறார். அங்கே கேட்டில் நின்றவர் "நல்லா கீறியா?" என்று கேட்க, இவர் "கீறேன்" என்று சொல்லி உள்ளே போயிருக்கிறார். அரை மணி நேரத்தில் விரல் போய்விட்டது. "அந்தாளு மேல தப்பு இல்ல மொதலாளி," என்றார் என்னிடம். "கேட்ட கேள்விதான் தப்பு. நல்லா கீறியான்னு கேட்டா எவன்தான் இல்லேம்பான்? பாடையில கீறவனே நல்லா கீறேன்னுதான் சொல்லுவான்."

கேட் வேலைக்கு வர அவர் மூன்று நிபந்தனை போட்டார். வேலை கேட்டு வந்த ஆள் நிபந்தனை போட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாவது, எல்லோருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன். இரண்டாவது, காலையில் ஒவ்வொருவரிடமும் அவர் இரண்டு கேள்வி கேட்பார்: நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய். பதில் சரியாக இருந்தால் டோக்கன் சிவப்பு வரிசையில் தொங்கும், அந்த ஆள் பிரஸ்ஸுக்குப் போகலாம். சரியில்லை என்றால் நீல வரிசை. அன்று முழுக்க பேக்கிங் மேசையில் உட்கார்ந்து வாஷர் எண்ணிப் பையில் போட வேண்டியதுதான். மூன்றாவது நிபந்தனையைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீலத்துக்கும் அதே கூலி.

"யோவ் பாய், உக்காந்து பை கட்டுறவனுக்கும் பிரஸ் ஓட்டுறவனுக்கும் ஒரே கூலியா?"

"கூலியக் கொறச்சீங்கன்னா நாளைக்கி எவனும் நெசம் சொல்ல மாட்டான். அப்பால நானு கேட்ல நின்னு இன்னா பண்றது, கொய்யாப்பழம் விக்கிறதா?"

சரி என்றேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது? அதன்பிறகு அவர் கேட்டில் நடத்தியது ஒரு தனி ராஜ்ஜியம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவன் ஒரு நாள், மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டு ஒன்பதுக்கே படுத்ததாகச் சொன்னான். பாய் விடவில்லை. "இன்னா மீனு?" "வஞ்சிரம்." "வஞ்சிரமா? எத்தினி துண்டு? யாரு ஆஞ்சது? கொழம்புல மாங்கா போட்டாளா, போடலியா?" மாங்காயில் அவன் மாட்டிக்கொண்டான். பெண்டாட்டியோடு சண்டை, பட்டினி, விடிய விடியத் தூக்கமில்லை. "நீ இன்னிக்கு நீலம். போ, மொதல்ல ஒரு டீயும் பன்னும் துன்னு." எங்கள் ஷெட்டில் யாராவது கொஞ்சம் முகம் வாடி இருந்தாலே மற்றவர்கள் "இன்னா மச்சான், நீலமா?" என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் ஒரு பக்கம். பாய் கேட்டில் நின்ற அத்தனை வருஷத்தில் என் ஷெட்டில் ஒரு விரல் போனதில்லை. எஸ்டேட்டில் என்னை விடப் பெரிய முதலாளிகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் என் எதிரே மார்தட்ட முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் ஊர் பாரிவாக்கத்திலிருந்து ஒரு பெண், யந்திரம் படிக்க, அவ்வளவு தூரம். நான் பெட்டி கட்டிய விதத்தை என் வீட்டுக்காரி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். பாஸ்போர்ட் நகல் ஒன்றை ஊறுகாய் ஜாடியின் அடியில் ஒட்டினேன், ஒன்றைப் போர்வைக்குள் வைத்துத் தைத்தேன். பூந்தமல்லி மருந்துக்கடையில் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, தலைவலி எல்லாவற்றுக்கும் மாத்திரை வாங்கி ஒரு பிஸ்கட் டின் நிறைய அடைத்தேன். அந்த டின்னைக் கொடுக்கும்போதுதான் என் வாழ்நாளின் பெரிய தவறைச் செய்தேன். "பாப்பா, எது வந்தாலும் இதுலேந்து ஒண்ணு போட்டுக்கோ. டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதே. நோயாளின்னு பேர் எழுதிக்குவான். அப்புறம் ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவான்," என்றேன்.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே தெரிந்துவைத்திருந்தேன். நான் வேலைக்குப் போன காலத்தில், இருமுகிற ஆளின் பேரை காண்ட்ராக்டர் அன்றைக்கே அடித்துவிடுவார். பதினேழு வயதில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு எட்டு மணி நேரம் நின்று, யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்தவன் நான். இந்தக் கதையை என் மகளுக்குச் சோறு ஊட்டிய நாளிலிருந்து சொல்லியிருக்கிறேன். உலகம் முழுக்க அந்த காண்ட்ராக்டர்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

அவள் போன பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நானும் என் வீட்டுக்காரியும் போவோம். அவள் விடுதியில் ஒவ்வொரு மாடி நடையிலும் எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு போன். யாராவது எடுப்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "சிம்மர் ஸ்வோல்ஃப், பிட்டே!" என்று கத்துவேன். பன்னிரண்டாம் நம்பர் அறை, தயவுசெய்து என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் ஜெர்மன் பேசுவதைக் கேட்கப் பூத்துக்கு வெளியே நாலு பேர் நிற்பார்கள். மகள் வந்ததும், "நல்லா இருக்கியாம்மா?" என்பேன். "நல்லா இருக்கேன்பா" என்பாள். அவ்வளவுதான், எனக்கு வயிறு நிறைந்துவிடும். மறுநாள் எஸ்டேட் டீக்கடையில், "எம் பொண்ணு, அந்தப் பனியில, ஒரு தும்மல் போட்டதில்ல தெரியுமா? யார் ரத்தம்?" என்று ஆரம்பிப்பேன். அதையே அடுத்த போனில் அவளிடமும் சொல்வேன்: "எஸ்டேட் முழுக்க உன் பேச்சுதாம்மா, ஒரு ஜலதோஷம்கூட வரலன்னு சொல்லிக்கினு கீறேன்." அந்தப் பெண் பிறகு எப்படிச் சொல்லுவாள், தனக்கு உடம்பு சரியில்லை என்று?

முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. பிரஸ்ஸுக்கு எண்ணெய் மாற்ற வந்த பாயை, "வாய்யா, என் ஜெர்மன் பேச்சைக் கேளு," என்று பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரியும் கூட இருந்தாள். வழக்கம் போலக் கேட்டேன், வழக்கம் போல மகள் நல்லா இருக்கேன் என்றாள். "பாய் மாமா வந்திருக்காரு, ரெண்டு வார்த்தை பேசு," என்று ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று பேர், நகர இடமில்லை. ரிசீவரின் மறுபக்கம் என் காதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா பாப்பா, நேத்து ராத்திரி இன்னா துன்னே?" என்றார் பாய்.

"நல்லா இருக்கேன் மாமா."

"அத்த நான் கேக்கல. இன்னா துன்னே?"

"சாதம்... ரசம்."

"தக்காளி ரசமா, மெளகு ரசமா? எந்தச் சட்டில வச்சே?"

கம்பிக்குள் காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு இருமல். நான் அத்தனை மாதம் அந்த இருமலைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்க முடியாது, நான்தானே பேசிக்கொண்டே இருந்தேன்.

"எத்தினி மணிக்குப் படுத்தே பாப்பா?" பாயின் குரல் இறங்கிவிட்டது.

"படுக்க முடியல மாமா. படுத்தா மூச்சு அடைக்குது. உக்காந்தே தூங்கறேன். எட்டு நாளா காய்ச்சல். டின்ல இருந்த மாத்திரை எல்லாம் தீர்ந்துபோச்சு." அழ ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா. திருப்பி அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்காரு."

என் காது அங்கேதான் இருந்தது. என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு வாயில் முந்தானையை வைத்தாள். பாய் என்னைப் பார்க்கவில்லை. கேட்டில் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து நின்றார்.

"பாப்பா, மாமா சொல்றத கேளு. நீ இன்னிக்கு நீலம். பொஸ்தகம் தொடக்கூடாது, நாளைக்கி காலேஜு கெடையாது. பக்கத்து ரூம்ல யாரு கீறாங்க?"

"ஒரு கொரியாக்காரப் பொண்ணு."

"அத்த எழுப்பு. கூட இட்டுகினு நேரா டாக்டராண்ட போ. ஞாயித்துக்கெழமன்னா ஆஸ்பத்திரில ஆள் இல்லாமயா பூடுவாங்க? எவனும் திருப்பி அனுப்ப மாட்டான். அனுப்புனா நம்ம ஷெட்டுல உனக்கு ஒரு பிரஸ் கீது, போதுமா?"

அழுகைக்கு நடுவே அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அதன்பிறகு பாய் ரிசீவரின் பேசும் முனையைக் கையால் பொத்தி, என்னிடம் நீட்டி, மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி, நீலத்துக்கும் அதே கூலின்னு நீங்க அதுக்குச் சொல்லவே இல்லியே. இப்பச் சொல்லுங்க."

நான் ரிசீவரை வாங்கினேன். "கண்ணு, நான் சொன்னது தப்பு. காய்ச்சல்ல நின்னு வேலை பாத்தது வீரம் இல்லம்மா, பயம். நீ படிச்சாலும் எம் பொண்ணுதான், படிக்காம வந்தாலும் எம் பொண்ணுதான். போம்மா, டாக்டர்கிட்ட போ." இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தோம். அந்த நாலு மணி நேரம் பூத்தை விட்டு நகரவில்லை. பஸ்கள் வந்தன, போயின. பூத்துக்காரர் எங்களுக்கு ஒரு பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டார். என் வீட்டுக்காரி பெஞ்சின் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாய் நடுவில் எழுந்து போய் மாலைத் தொழுகையை முடித்துவிட்டு, கையில் மூன்று சமோசாவோடு வந்தார். நான் வேண்டாம் என்றேன். "துன்னுங்க மொதலாளி. நாளைக்கி உங்களயும்தான் நான் கேப்பேன்," என்றார்.

ஆறு மணிக்கு "சிம்மர் ஸ்வோல்ஃப்" என்று கத்தத் தேவையே வரவில்லை. எடுத்தது மகளேதான். போனுக்குப் பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறாள். நுரையீரலில் ஒரு பக்கம் சளி கட்ட ஆரம்பித்திருக்கிறதாம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்று டாக்டர் கண்டித்தாராம். மருந்து கொடுத்து, பத்து நாள் ஓய்வு எழுதிக் கொடுத்திருக்கிறார். திருப்பி அனுப்புவீர்களா என்று இவள் கேட்டதற்கு, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாராம். மாணவர் எல்லோரிடமும் ஒரு வைத்தியக் காப்பீட்டு அட்டை இருக்கிறதாம், அது இதற்காகத்தானாம். முதல் நாளே கொடுத்தது, இவள் அதைப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்திருக்கிறாள். "அந்தக் கொரியாப் பொண்ணு கஞ்சி வச்சுக் குடுத்தாப்பா. நம்ம நோய்க்கஞ்சி மாதிரியே இருந்துது. ஊறுகாய் தொட்டுக் குடிச்சேன்," என்றாள். அப்போதுதான் அந்தச் சமோசாவை எடுத்து வாயில் வைத்தேன். ஆறிப்போயிருந்தது. அதைப் போல ஒரு ருசியான சமோசாவை நான் தின்றதில்லை.

மறுநாள் காலை, முதலாளி என்று நேராக உள்ளே போகாமல், ஆட்களோடு கேட் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆபரேட்டர் திரும்பிப் பார்த்துப் பதறி வழிவிட்டான். நான் நகரவில்லை. என் முறை வந்தது. பாய் முகத்தில் சிரிப்பே இல்லை.

"நேத்து ராத்திரி இன்னா துன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சமோசாதான்."

"எத்தினி மணிக்குப் படுத்தீங்க?"

"படுத்தேன். தூங்கல."

"நீலம்," என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு புது டோக்கனை எடுத்தார். 1. ஆட்களின் நம்பர் அதுவரை 2-லிருந்துதான் தொடங்கும். அன்று விடியலிலேயே வந்து பஞ்ச் அடித்து வைத்திருக்கிறார், நான் வரிசையில் நிற்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியுமோ. ஷெட்டே கைதட்டியது. அன்று முழுக்கப் பேக்கிங் மேசையில் உட்கார்ந்து வாஷர் எண்ணினேன். முத்தாபுதுப்பேட்டைக்காரன் ஒவ்வொரு மணிக்கும் வந்து, "இன்னா மொதலாளி, மாங்கா போட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் கட்டிய பைகளில் எண்ணிக்கை தவறியிருந்ததால் மறுநாள் அத்தனையையும் பிரித்து மறுபடி எண்ணினார்கள். அது வேறு கதை.

அடுத்த பார்சலில் பாய் ஒரு சின்னப் பலகையும், இரண்டு ஆணியும், 28 என்று அடித்த டோக்கனும் அனுப்பினார். என்னையும் சேர்த்து ஷெட்டில் அப்போது இருபத்தேழு பேர். அடுத்த நம்பர் அவளுக்கு. அவள் அதை அறைக்குள் மாட்டாமல் நடையில், பொதுச் சமையலறை வாசலில் மாட்டினாள். கொரியாக்காரப் பெண் என்ன இது என்று கேட்டிருக்கிறாள், இவள் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் பலகையில் ஆணி போதவில்லை. டோக்கன் இல்லாதவர்கள் பழைய சாவி, கரண்டி, பாட்டில் மூடி என்று எதையாவது மாட்டினார்கள். காலையில் ஒருவரை ஒருவர் இரண்டே கேள்வி கேட்பார்களாம். நீலத்தில் தொங்குகிறவருக்கு அன்று மற்றவர்கள் சமைப்பார்கள், வெளியே தனியாகப் போக விடமாட்டார்கள். "அப்பா, இந்த நடையில இப்ப எட்டுப் பேர் உங்க ஷெட் ஆளுங்க," என்று கடிதம் எழுதினாள். எஸ்டேட் டீக்கடையில் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன்! ஜெர்மனியில் எனக்கு ஒரு கிளை இருக்கிறது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்யில்லையே.

படிப்பை முடித்தாள், அங்கேயே வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் முதல் வேலையாக ஷெட்டுக்குப் போய் கேட்டில் நிற்பாள். பாய் அவளையும் கேட்பார், அவளும் கைகட்டிப் பதில் சொல்வாள். ஷெட்டை நான் கைமாற்றிக் கொடுத்த பிறகும் பாய் அடிக்கடி பாரிவாக்கத்துக்கு வருவார். என் சமையலறையில் இந்தப் பலகையை அடித்து என் டோக்கனை மாட்டியவர் அவர்தான். ஆறு வருஷத்துக்கு முன் காலமானார். அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மகன், "வாப்பா கடைசி வரைக்கும் டாக்டரையே 'நேத்து இன்னா துன்னே'ன்னு கேட்டுகினு இருந்தாரு," என்றான். அழ வந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருக்கு அதுதான் பிடித்திருக்கும்.

இப்போது பூத்தும் இல்லை, கூண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கையிலிருக்கும் போனிலேயே மகள் முகம் தெரிகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்கேம்மா," என்றேன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"அதை நான் கேக்கல. நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?"

"ரெண்டு இட்லி."

"தொட்டுக்க?"

"சட்னி."

"என்ன சட்னி? யார் அரைச்சா?"

பக்கத்தில் என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேற்று திருமழிசையில் ஒரு கல்யாணம். பிரியாணி, அதற்கு மேல் குலாப் ஜாமுன் மூன்று, சர்க்கரை மாத்திரையை மறந்தது, நெஞ்சு கரித்து இரண்டு மணி வரை தூங்காதது, எல்லாம் வெளியே வந்தது. எழுபத்தைந்து வயதில், சொந்தமாக மூன்று பிரஸ் நிறுத்தியவன், கைகட்டி நின்றேன்.

"அப்பா, இன்னிக்கு நீங்க நீலம். வெயில்ல எங்கயும் போகக்கூடாது. மாத்தி மாட்டுங்க, நான் பாக்கணும்."

போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, டோக்கனைச் சிவப்பு ஆணியிலிருந்து எடுத்து நீல ஆணியில் மாட்டினேன். போனை மறுபடி என் பக்கம் திருப்பினேன். அங்கே அவளுக்குப் பின்னால், அவள் சமையலறைச் சுவரில், 28 சிவப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.